காகமில்லாத தீவில் ஒரு கவளம்

புரட்டாதிச் சனிக்கிழமை. மொன்றியல் நகரின் வில்லரேப் பகுதியில், இரண்டாம் மாடிப் பல்கனியில் ஒரு கவளம் எள்ளுச்சோற்றை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டாள் ஜெகதீஸ்வரி. சனீஸ்வரனுக்கு விரதம். காகம் தின்னாமல் அவள் வாயில் பச்சைத்தண்ணீர் படாது. மொன்றியல் காகம் கூப்பிட்டவுடன் வந்துவிடுமா? புறாக்கள்தான் கூட்டமாக வந்து கொத்திச் சிதறின. சற்று நேரத்தில் கீழ்வீட்டுப் பல்கனியில் சரக், சரக் என்று பிறஸ்ஸால் எதையோ தேய்க்கும் சத்தம் கேட்டது.

"கீழ்வீட்டு மடாம் லூசியனுக்கு நெடுகத் துப்புரவுப் பயித்தியம்," என்றாள்.

"ஓமோம். உனக்கு விரதப் பயித்தியம், அவவுக்குத் துப்புரவுப் பயித்தியம். நடுவில நான்," என்றார் கணவர் இரவிச்சந்திரன்.

அவர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அவளுக்கு அங்கேயே, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. அவருக்குப் பகல் என்றால் அவளுக்கு இரவு. பதினெட்டு வருடக் கலியாணத்தில் இருவரும் சேர்ந்து ஒரு முழுநாள் வெளிச்சத்தைக் கண்டதில்லை. அந்த வருடம், 2005இல், வேலையிடத்துச் சலுகை டிக்கெட்டில், கடலோணான்களுக்குப் பேர்போன கலாபகோஸ் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். "சனம் புளோரிடாவுக்குப் போகுது, நீங்கள் ஓணான் பாக்கப் போறியளோ?" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

இன்றைக்கும் அங்கே தீவில் இறங்கிய நாளை நினைத்தால் ஜெகதீஸ்வரியின் முகம் மலர்ந்துவிடும். ஆளில்லாத எரிமலைத் தீவு அது. அடிப்பிடித்த குழம்பைப்போலப் பாறை கறுத்துக் கிடந்தது. அதன்மேல் கடலோணான்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வெயில் காய்ந்தன. நீலக் கால்களோடு ஒரு பறவை வழியை மறித்து நின்றது. "அண்ணை, உந்தச் சப்பாத்து எங்க வாங்கினனீங்கள்?" என்று இரவிச்சந்திரன் அதனிடம் கேட்க, அவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிக் கைகோத்து நடந்து எத்தனை வருடமாயிற்று!

வழிகாட்டி மார்த்தா என்ற இளம்பெண். கியூபெக் பயணிகளுக்காகவே பிரெஞ்சு பழகியவள். தண்ணீர் தவிரத் தின்னக் குடிக்க எதையும் தீவுக்குக் கொண்டுவரக் கூடாது, ஒரு பருக்கைகூட விழக் கூடாது என்று படகிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் அன்றும் புரட்டாதிச் சனியாயிற்றே! விடுதியில் வாங்கிய சோற்றில் ஒரு கவளத்தைக் கைப்பையில் ஒளித்து வைத்திருந்தாள் ஜெகதீஸ்வரி.

சாம்பல்நிறப் பறவையொன்று பயமில்லாமல் தத்தித் தத்தி அவள் காலடிக்கே வந்தது. காகமில்லாவிட்டால் என்ன, சனீஸ்வரன் வாகனத்தை மாற்றிக்கொண்டார் போலும் என்று எண்ணி, சோற்றை மெல்ல நழுவ விட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் ஆறேழு பறவைகள் பாய்ந்து ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. கறுத்தப் பாறையெங்கும் வெள்ளைச் சோறு சிதறியது.

தீவைச் சுற்றிவந்த காவலர் அதைக் கண்டு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். மார்த்தா ஏதோ சொல்லித் தலைகுனிந்தாள். ஸ்பானிய மொழி தெரிந்த சகபயணி ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கினார். மார்த்தாவின் குழுவில் இப்படி நடப்பது இது இரண்டாம் முறையாம். அவள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு வருடம் வேலை இல்லையாம். "என் குழு, என் பொறுப்பு" என்றாளே தவிர, போட்டது யார் என்று மார்த்தா திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஜெகதீஸ்வரிக்குப் பழைய சம்பவமொன்று நினைவுக்கு வந்தது. ஒருமுறை டோர்வலில் யாரோ ஒருத்தியின் தலைமயிர் சாப்பாட்டுத் தட்டில் விழ, எச்சரிக்கைக் கடிதம் இவள் பெயருக்கு வந்தது. விழுத்தினவள் ஒன்றும் அறியாதவள்போல் பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டு நின்றாள். அவளை இவள் திட்டாத நாளில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பது தானல்லவா?

"செ முவா," என்றாள் பிரெஞ்சில் உரத்து. "நான்தான் போட்டனான்."

காவலர் எழுதத் தொடங்கியிருந்த மார்த்தாவின் பெயரை வெட்டிவிட்டு இவள் பெயரை எழுதிக்கொண்டார். மற்றவர்கள் கடற்சிங்கம் பார்க்கப் போக, இவள் முழந்தாளிட்டுப் பாறை வெடிப்புகளில் கிடந்த பருக்கைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். "கடற்சிங்கத்தை விட்டிட்டுச் சோறு பொறுக்கிற முதல் சனம் நாங்கள்தான்," என்று முணுமுணுத்தபடி இரவிச்சந்திரனும் பக்கத்தில் குந்தினார். மார்த்தாவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

"அன்பாகத்தான் போட்டீர்கள்," என்றாள் அவள். "ஆனால் பின்னால் கூட்டி அள்ளுவது யார் என்று பார்க்கவில்லை."

மொன்றியலுக்குத் திரும்பிய பின் வந்தது கடைசிப் புரட்டாதிச் சனி. எள்ளுச்சோற்றோடு பல்கனிக் கதவைத் திறந்தாள். புறாக்கள் கம்பியில் வரிசையாகக் காத்திருந்தன. கீழே சரக், சரக். முதன்முறையாக ஜெகதீஸ்வரி எட்டிப் பார்த்தாள். எழுபது வயது மடாம் லூசியன் முழந்தாளிட்டு, நாற்காலியில் காய்ந்துகிடந்த புறா எச்சத்தைப் பிறஸ்ஸால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஜெகதீஸ்வரி சோற்றை மேசையில் வைத்துவிட்டு, வாளியையும் பிறஸ்ஸையும் தூக்கிக்கொண்டு படியிறங்கப் போனாள்.

"இஞ்சேரப்பா, விரதம்? காகம்?" என்றார் இரவிச்சந்திரன்.

"புண்ணியம் எனக்கு, எச்சம் அவவுக்கெண்டால் அது என்ன விரதம்? நாங்கள் செய்யிற நல்லதைக் கூட்டி அள்ள இன்னொருத்தர் குனிய வேண்டியிருந்தால், அது நல்லதே இல்லையப்பா. வாங்கோ, வாளியைப் பிடியுங்கோ."