பெர்லினின் சுருதி

சபீனா கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு மாரெட்பள்ளியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது ஜோசியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி பெர்லினின் தங்கை அவள். வருகிற சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். வரவேற்பில் அத்தான் பாட வேண்டும் என்று அவள் கேட்டு ஒரு மாதமாகிறது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று அவனும் ஒரு மாதத்தை ஓட்டிவிட்டான். நிகழ்ச்சி நிரல் நாளை அச்சுக்குப் போகிறதாம். பதில் வாங்காமல் அவன் வீடு இருக்கும் மல்காஜ்கிரியை விட்டு நகர மாட்டேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பெர்லின் இறந்து மூன்று வருடம். அடக்கத்தன்று மாமியார் வீட்டில் விட்ட கிதாரை அவன் திரும்பக் கேட்கவில்லை. ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரை கம்பெனியில் வேலை. காலையில் போவான், மாலையில் வருவான். அழுகை வரவில்லை. பாட்டும் வரவில்லை. இரண்டையும் அவன் தேடிப் போகவில்லை.

அவள் கொண்டுவந்த அந்தக் கிதாரின் உறையைத் திறந்தான். கிதார் கழுத்தின் நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ கிளிப் கம்பிகளைக் கவ்விக்கொண்டிருந்தது. அவன் எழுதிய பாட்டெல்லாம் இருவருமாகப் பாடியவை. சுருதி அவள் குரலுக்கு. சுருதியை ஏற்றும் அந்தக் கிளிப்பை அவள்தான் மாட்டுவாள். கடைசியாக மாட்டியதும் அவள்தான்.

அப்படியே வைத்து, கல்யாண வீடுகளில் அவர்கள் பாடும் பாட்டை எடுத்தான். இரண்டாம் வரியில் குரல் உடைந்தது. இன்னொரு முறை எடுத்தான். அதே இடத்தில் உடைந்தது. கிதாரைக் கீழே வைத்தான்.

"நம்மால ஆகாது, சபீ. வேற யாரையாவது போடு."

"அந்தக் கிளிப்ப எடுங்க அத்தான்."

"எடுத்தா பாட்டு இறங்கிரும்."

"இறங்கட்டும். அக்காவா பாடப் போறா?"

சொன்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று வருடமாக யாரும் அவன் எதிரில் இப்படிப் பேசியதில்லை. வலிக்கும் என்று காத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

கேப்போவைக் கழற்றினான். அதன் ரப்பரில் கம்பிகள் ஆறு கோடாகப் பதிந்திருந்தன. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தன் சுருதியில், தாழ்ந்த குரலில், முழுப் பாட்டையும் பாடி முடித்தான். தெரியாத ஒருவன் பக்கத்து அறையில் பாடுவதுபோல இருந்தது.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டான்.

"ஹவ், நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் துட்டி வீட்டு அழுகை மாதிரி. கல்யாணத்துக்கு நக்கோ, இது வேணாம். வேகமா அடிங்க."

வேகமாக அடித்தான். விரல் நுனிகள் எரிந்தன. முன்பு அங்கே காய்ப்பு இருந்தது. இப்போது வெறும் தோல்.

சபீனா போனை எடுத்து நிரலைத் திறந்தாள். முந்தைய கல்யாணங்களில் எல்லாம் ஒரே மாதிரிதான் அச்சாகும்: பாடல், ஜோசியா – பெர்லின்.

"பேரு எப்படிப் போட?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

"என் பேரு மட்டும் போடு."

அவள் தட்டச்சு செய்து முடிக்கும்வரை ஜோசியா இடது கையை விரித்துப் பார்த்தான். நுனிகள் சிவந்திருந்தன. கட்டை விரலால் ஒன்றை அழுத்தினான். வலித்தது. அடுத்ததை அழுத்தினான்.