ரோஜாப்பூ போட்ட கமெண்ட்

இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, போனை மசாலா டப்பாவில் சாய்த்துவைத்து, எதிர்வீட்டு நர்மதாவின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் யோகப்பிரியா. இட்லித் தட்டில் ஏன் ஓட்டை, மேல் தட்டின் குழி கீழ்த் தட்டின் குழிக்கு நேராக வராமல் ஏன் தள்ளி வருகிறது, ஆவி எந்த வழியாக ஏறுகிறது என்று நான்கு நிமிடம் பேசியிருந்தாள் நர்மதா. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அவர்கள் ஊரான எருத்தேன்பதியில் மொத்தமே அத்தனை பேர் கிடையாது.

யோகப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சில் பிசிக்ஸ் படித்தவர்கள். முதல் மார்க் எப்போதும் இவள்தான். இவளுடைய நோட்டை வாங்கிப் படித்துத்தான் நர்மதா பாஸானாள். இன்றைக்கு அவளுக்கு மூன்று லட்சம் பேர், இவளுக்கு இட்லி மட்டும்.

நர்மதாவை நேரில் பார்த்தால் யோகப்பிரியா, "சூப்பரா இருக்குது புள்ள" என்பாள். போனுக்குள் அவளுக்கு வேறு பேர், முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. அந்தப் பூ அன்று எழுதியது: "ஊட்டுல வேலை இல்லாதவளுக்குத்தான் ஊருக்கு மூஞ்சியக் காட்டத் தோணும். புருசன் எதுக்கு இருக்கறான்?"

எழுதியதும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அந்த வரிக்கு ஆயிரம் லைக் விழுந்தது. முன்பின் தெரியாத ஆண்கள் அதன்கீழே இன்னும் கேவலமாக எழுதினார்கள்.

நான்காம் நாள் நர்மதா கேமரா ஸ்டாண்டோடு வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எங்க மாமனாரு இனி வீடியோவே வேண்டாம்னுட்டாரு புள்ள. டீக்கடையில அவரு மூஞ்சிக்கு நேராப் படிச்சுக் காட்டியிருக்கறாங்க. நீ வெச்சுக்க. என்னைய விட நீ நல்லாச் சொல்லுவ."

அப்போதே சொல்லியிருக்கலாம். யோகப்பிரியா சொல்லவில்லை. ஸ்டாண்டை வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் புதுச்சேலை கட்டி, கூரை ஓட்டில் ஏன் வரிவரியாகப் பள்ளம் என்று ஒரு வீடியோ போட்டாள். இரண்டு நாளில் நாற்பது பேர் பார்த்தார்கள். ஒரே ஒரு கமெண்ட் வந்திருந்தது. ஆசையாகத் திறந்தாள்.

"ஊட்டுல வேலை இல்லாதவளுக்குத்தான் ஊருக்கு மூஞ்சியக் காட்டத் தோணும். புருசன் எதுக்கு இருக்கறான்?"

ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவள் எழுதியதையே எவனோ எடுத்து ஒட்டியிருந்தான். அந்த வரி எத்தனை அசிங்கம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கணவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நர்மதாவும் இப்படித்தானே மறைத்திருப்பாள் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். நர்மதாவின் மாமனார் மாரப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, அந்த ரோஜாப்பூ நாந்தானுங்க. பொறாமையில எழுதிப்போட்டனுங்க. நர்மதா மேல ஒரு தப்பும் இல்லீங்க."

மாரப்பன் பேப்பரை மடித்துவைத்தார். "பேரில்லாதவ பேச்சக் கேட்டு எங்கூட்டுப் புள்ள வாயை அடைச்சுப்போட்டனே" என்றார், அவளைப் பார்க்காமலே.

நர்மதா ஸ்டாண்டை வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

"இங்க வந்து சொன்னா ஆச்சா? எழுதுன எடத்துலயே சொல்லு. உம் பேருல."

யோகப்பிரியா நின்ற இடத்திலேயே, ஆயிரம் லைக் வாங்கிய அந்த வரிக்குக் கீழே எழுதினாள்:

"ரோஜாப்பூ நான்தான். என் பேர் யோகப்பிரியா, நர்மதாவோடு படித்தவள். அவள் மேல் இருந்த பொறாமையில் எழுதினேன். கீழே தன் சொந்தப் பேரைப் போட முடியாத பேச்சை யாரும் எழுத வேண்டாம்."