யார் சொன்ன பிள்ளை

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பிள்ளைகளை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், தலைமையாசிரியர் ஜெயபிரகாஷ் எழுந்துபோய் அறிவிப்புப் பலகையைக் காட்டுவார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசைப்படி மட்டுமே சேர்க்கை என்று அங்கே ஒட்டியிருக்கும். அது பொய் என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண் வரிசைப்படிதான் சேர்க்கிறோம், முதல் நாற்பது பேரை.

பயாலஜி குரூப்பில் மொத்தம் ஐம்பது இடம். மீதிப் பத்தும் சொன்ன பிள்ளைகளுக்கு. சொன்ன பிள்ளை என்றால், வேண்டியவர் ஒருவர் எங்களில் யாரிடமாவது “நம்ம புள்ளதான், பாத்துக்கங்க” என்று சொல்லிவைத்த பிள்ளை. காரைக்கால் சின்ன ஊர். இங்கே யாருக்கும் வேண்டாதவராக இருப்பது கஷ்டம். தாளாளர் நீலமேகத்திடம் கட்சிக்காரர்களும் நெல் வியாபாரிகளும் சொல்வார்கள். ஜெயபிரகாஷ் சாரிடம் அதிகாரிகள் சொல்வார்கள். கணக்கு வாத்தியார் அஜ்மீரிடம் அவர் தெருவே வந்து சொல்லும்.

சேர்க்கைக் குழுவில் நான்காவது ஆள் நான், விலங்கியல் ஆசிரியை பங்கஜவல்லி. இத்தனை வருஷத்தில் நான் ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. அதில் எனக்குத் திமிர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சொந்தத் தங்கை மகளுக்கே சொல்லவில்லை. தங்கை இன்றுவரை என் வீட்டுப் படி ஏறுவதில்லை. நல்லது நடந்தாலும் வாட்ஸ்அப்பில்தான் செய்தி வரும்.

சொன்ன பிள்ளைகளின் பெயரை நாங்கள் எங்கேயும் எழுதிவைப்பதில்லை. எழுதினால் நாளைக்கு அதுவே சாட்சியாகிவிடும் என்பது தாளாளரின் கருத்து. அதற்குப் பதில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சேர்க்கை நாளன்று மற்றப் பெற்றோரெல்லாம் பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் நிற்பார்கள். சொன்ன பிள்ளைகள் மட்டும் அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீரும் டீயும் போகும். யார் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களே அந்தப் பத்துப் பேர். யார் சொன்னது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டோம். பந்தியில் உட்கார்ந்துவிட்டவரிடம் உங்களை யார் கூப்பிட்டது என்று கேட்பது மாதிரி அது.

போன மே மாதம் சேர்க்கை நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. கொட்டகையில் நின்ற ஒரு பெண்ணுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பெயர் வெண்மதி. போலகத்திலிருந்து முதல் பஸ்ஸில் சாப்பிடாமல் வந்திருந்தாள். கூட அம்மா பூவாயி. காவலாளி மாரிக்கண்ணு அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, கிட்டத்தில் மின்விசிறி ஓடிய அறை அதுதான் என்பதால், சின்ன அறையில் உட்காரவைத்தார். பூவாயியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர்களுக்கும் டீ வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் டீ தருவார்கள் போல என்று அந்த அம்மா நினைத்திருக்கிறாள்.

ஜெயபிரகாஷ் சார் அந்தப் பக்கம் போனவர், “எங்கேருந்து வர்றீங்கம்மா?” என்று கேட்டார். “போலகத்துலேருந்துங்க” என்றாள் பூவாயி. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தாளாளருக்குப் போலகத்தில் நிலம் இருக்கிறது. குத்தகைக்காரர் வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்து, மனதுக்குள் தாளாளரைத் திட்டவும் செய்தேன்.

சாயங்காலம் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். முதல் நாற்பது பெயர் எழுதியாயிற்று. பிறகு சின்ன அறையில் இருந்தவர்களின் பெயர்களை ஜெயபிரகாஷ் சார் ஒவ்வொன்றாகப் படித்தார். பத்தாவதாக, “வெண்மதி, தகப்பனார் மருதையன், போலகம்” என்றார். தாளாளர் தலையை ஆட்டினார். அஜ்மீர் பேனாவை மூடினார். விண்ணப்பத்தைப் பார்த்தபோது எனக்கு மட்டும் ஆச்சரியமாக இருந்தது. சொன்ன பிள்ளைகள் பெரும்பாலும் வரிசையில் எங்கோ அடியில் கிடப்பார்கள். இந்தப் பெண் ஐந்நூற்றுக்கு நானூற்று ஐம்பத்தொன்று. மொத்த வரிசையில் நாற்பத்து நான்காவது. நாங்கள் யோக்கியமாக ஐம்பது பேரையும் மதிப்பெண்ணில் எடுத்திருந்தால் தானாகவே வந்திருப்பாள்.

வெண்மதி பணம் கட்டிச் சேர்ந்துவிட்டாள். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் தாளாளர் எங்களைக் கூப்பிட்டார். கூட்டுறவு வங்கியில் பெரிய பதவியில் இருப்பவருடைய பேத்தி விஷ்ணுப்ரியாவுக்குப் பயாலஜியில் ஒரு இடம் வேண்டும். மதிப்பெண் முந்நூற்றுச் சொச்சம்.

“அந்தப் போலகத்துப் பொண்ணு யாரு சொன்ன புள்ள?” என்று கேட்டார். “சொன்னவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். காமர்ஸுக்கு மாத்திரலாம்.”

ஜெயபிரகாஷ் சார் அவரைப் பார்த்தார். “நீங்க சொன்னதுன்னுல்ல நெனச்சேன்.”

“நான் எங்க சொன்னேன்? நீங்க டீ குடுத்து ஒக்கார வெச்சிருந்தீங்க. ஒங்க ஆளுன்னு நெனச்சேன்.”

இருவரும் அஜ்மீரைப் பார்த்தார்கள். “போலகத்துல எனக்கு யாரு சார் இருக்கா” என்றார் அவர். என்னை யாரும் பார்க்கவில்லை. நான்தான் யாருக்கும் சொல்லாதவளாயிற்றே.

மாரிக்கண்ணுவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “மயக்கமா வந்துச்சுங்க அந்தப் புள்ளைக்கு. அதான் ஃபேனுக்கடியில ஒக்கார வெச்சேன்” என்றார். அஜ்மீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தாளாளர் அடுத்துச் சொன்னதைக் கேட்கும்வரைக்கும்தான்.

“யாருமே சொல்லலையா? அப்பச் சரி. பேசவேண்டிய வேலையும் மிச்சம். மாத்திருங்க” என்றார். நிஜமாகவே அவருக்கு நிம்மதி.

இதைக் கோபத்தோடு சொல்லவில்லை, கெட்ட எண்ணத்தோடும் இல்லை. பஸ்ஸில் துண்டு போடாத இடத்தில் உட்காருகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். மற்றப் பள்ளிகளில் அதற்குள் பயாலஜி நிரம்பிவிட்டது. அந்தப் பெண் விண்ணப்பத்தில் நர்ஸிங் படிக்க விருப்பம் என்று எழுதியிருந்தாள். காமர்ஸுக்குத் தள்ளினால் அது அத்தோடு போச்சு. மாற்றியிருக்கிறோம் என்று அவளிடம் சொல்லும் வேலை என் தலையில்தான் விழும். பெண்பிள்ளைகளிடம் பேச என்னைத்தான் அனுப்புவார்கள்.

“மார்க்குப்படி பாத்தா அவ ஐம்பதுக்குள்ள வர்றா சார்” என்றேன்.

“மார்க்குப்படி எடுக்கறது நாப்பதுதானே டீச்சர்” என்றார் தாளாளர். அவர் கணக்கில் தப்பில்லை.

எனக்கு வேறு வாதம் கிடைக்கவில்லை. இந்த அறையில் எந்த வாதம் செல்லும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிவிட்டேன்.

“அது நான் சொன்ன புள்ள சார்.”

மூவரும் திரும்பினார்கள். மாரிக்கண்ணுகூட வாசலில் நின்றுவிட்டார்.

“நீங்களா?” என்றார் ஜெயபிரகாஷ் சார்.

“எங்க ஊட்டுக்கு வேண்டியவங்க. கூச்சமா இருந்துச்சு, சொல்லல.”

எப்படி வேண்டியவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் அந்த வார்த்தையின் வசதி. தாளாளர் முகம் மலர்ந்துவிட்டது. என்னிடம் அவர் அவ்வளவு பிரியமாகப் பேசி நான் கேட்டதில்லை. “இத மொதல்லயே சொல்லக்கூடாதா டீச்சர்? ஒரே ஒரு தடவ கேக்கறீங்க, அதக்கூட செய்யாம இருப்பமா?” என்றவர், அங்கேயே உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டார். விஷ்ணுப்ரியாவுக்காகப் பயாலஜியில் ஐம்பத்தோராவது இடத்துக்கு வாய்மொழியாக அனுமதி வந்துவிட்டது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. போன் போட்டால் ஒரு நாற்காலி கூடும் என்றால், வருஷா வருஷம் நாற்பத்தோராவது பிள்ளை அழுதுகொண்டு போனதெல்லாம் எதற்காக என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அன்றைக்கு நான் வாங்குகிற இடத்தில் இருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது மனது லேசாகத்தான் இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

பள்ளி திறந்தது. வெண்மதி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். முதல் வாரம் கேள்வி கேட்டால் முதல் ஆளாகக் கையைத் தூக்குவாள். தவறாகச் சொன்னாலும் சத்தமாகச் சொல்வாள். எனக்கு அந்த மாதிரிப் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இரண்டாவது வாரம் கை தூக்குவது நின்றுபோனது. பெயர் சொல்லிக் கேட்டால் எழுந்து தரையைப் பார்த்துப் பதில் சொன்னாள். வெளியூர்ப் பிள்ளை, பஸ் அலைச்சல் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூவாயி என் வீடு தேடி வந்தாள். கையில் ஒரு பை உளுந்து. பின்னால் வெண்மதி. அம்மாவின் இழுப்புக்கு வந்த முகமாக இருந்தது.

“நீங்க சொல்லித்தான் எடம் கெடச்சுதுன்னு மாரிக்கண்ணு அண்ணன் சொன்னாருங்க” என்று பூவாயி காலில் விழப் போனாள். பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். “எங்கள முன்னப்பின்ன தெரியாது ஒங்களுக்கு. யாருங்க இப்பிடிச் செய்வா? இவ அப்பா அப்பவே சொன்னாரு, ஆளு இல்லாம அந்த ஸ்கூல்ல எடம் தரமாட்டாங்க, பேசாம இரு புள்ளன்னு. இவதான் கேக்கல. எம் மார்க்குக்குக் குடுப்பாங்கன்னு ரெண்டு நாளு சோறு திங்காம சண்ட போட்டு என்னய இழுத்துக்கிட்டு வந்தா. இப்ப அவரு சிரிக்கிறாரு. பாத்தியா, நான் சொன்னதுதான நடந்துச்சுங்கறாரு.”

வெண்மதி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. “இல்லம்மா” என்றேன். “நான் சொல்லி ஒண்ணும் வரல. ஒங்க பொண்ணு வாங்குன மார்க்குக்கு வந்த எடம் அது. வீட்டுக்காரர்கிட்டயும் அப்பிடியே சொல்லுங்க.”

பூவாயி என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். “பெரிய மனசுங்க ஒங்களுக்கு. செஞ்சத வாயால சொல்லிக்க மாட்டீங்க.”

“நெசமாத்தாம்மா சொல்றேன்.”

“சரிங்க டீச்சர்” என்றாள், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். “சின்னவ ஒருத்தி இருக்கா, இனியா. ஒம்பதாவது படிக்கிறா. அவளுக்கும் நீங்கதாங்க பாத்துச் சொல்லணும். படி படின்னு இவ அவள உயிர எடுக்கறா. டீச்சர் இருக்காங்க, ஏன் அந்தப் புள்ளயப் போட்டு வதைக்கிறன்னு அவரு சொல்லிட்டாரு.”

பையை வாங்க மாட்டேன் என்றதற்கு, எங்கள் வயலில் விளைந்தது என்று சொல்லிக் கூடத்தில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் வெளியே போனாள். வெண்மதி மட்டும் நின்றாள். ஏதோ கேட்கத்தான் நின்றாள் என்று தெரிந்தது.

“எம் மார்க்குக்குக் கெடைக்காதா டீச்சர்?”

“கெடைக்கும். கெடச்சிருக்கணும். மொத்தத்துல நீ நாப்பத்தி நாலாவது. எடம் அம்பது.”

“அப்பறம் எதுக்கு நீங்க சொல்ல வேண்டி வந்துச்சு?”

பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆனால் சொல்லாமல் விட்டால் தான் லாயக்கில்லாதவள் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். சொல்லிவிட்டேன். மதிப்பெண்ணுக்கு எடுப்பது நாற்பதுதான், பத்துப் பேர் யாராவது சொல்லி வருகிறார்கள், உன் இடம் அங்கேதான் போனது, அதனால்தான் நான் வாய் திறக்க வேண்டியதாயிற்று என்றேன். யார் அந்தப் பத்துப் பேர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவர்கள் அவளுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அப்படின்னா இந்த வருஷம் என்னயும் சேத்துப் பதினோரு பேருங்களா டீச்சர்?” என்றாள்.

நான் எவ்வளவு தூரம் நல்லவள் என்று அந்த ஒரு கேள்வியில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

“ஆமா” என்றேன். அவளிடமும் பொய் சொல்ல மனது வரவில்லை.

அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். வாசலில் பூவாயி, “டீச்சருக்கு நன்றி சொன்னியாடி?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“சொல்லிட்டேம்மா” என்றாள் வெண்மதி. அவள் சொல்லவில்லை.