அலுமினியத்தில் அய்மன்

1

கழிவுப் பொருட்களில் ஆப்பிரிக்கச் சிற்பிகள் செய்யும் உருவங்களைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். படத்தில் இருந்த ஒரு சிலையின் பாதம் பழைய ரப்பர் செருப்பு. அது யார் போட்டு நடந்த செருப்பு என்று யோசிக்கப்போய்க் கட்டுரை கெட்டது.

2

"மேலப்பாளையத்தில் ஒரு மழை நாளில்..." வேண்டாம். மழை பெய்தால் அழுகை சுலபமாக வந்துவிடும். வெயிலே இருக்கட்டும்.

நிலோஃபரின் மாப்பிள்ளை அய்மன் கானா நாட்டு அக்ராவில் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தான். (அச்சில் 'ஆக்ரா' ஆக்கிவிடாதீர்கள்.) போன வருடம் காய்ச்சலில் மவுத்தாகி, அங்கேயே அடக்கம். கடைசியாக முகம் பார்க்க அவளுக்கு வாய்க்கவில்லை.

அவனோடு ஒரே அறையில் இருந்த சிற்பி கோஜோ, சென்னைக் கண்காட்சிக்கு வந்தவன், அவள் வீட்டைத் தேடி வந்துவிட்டான். சாக்கில் சுற்றிய ஒன்றை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது, "பைய... பைய வே" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். சொன்ன விதம் அப்படியே அய்மன். நிலோஃபர் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

3

சாக்கைப் பிரித்தால் இடுப்புயரத்தில் அய்மன். சைக்கிள் கம்பியில் விலா. அவன் செருப்பை வெட்டிச் செய்த பாதம். அவன் சோறு தின்ற அலுமினியத் தட்டை அடித்தெடுத்த முகம். இடது புருவத்துத் தழும்புகூட இருந்தது.

தொழுகைக்குக் கிளம்பிய மாமனார், அய்மனின் தகப்பனார் நூர்முகம்மது, நின்றுவிட்டார்.

"நம்ம மார்க்கத்துல உருவம் வீட்டுக்குள்ள ஆவாதும்மா. தலை இல்லன்னா வச்சுக்கிடலாம்."

நிலோஃபர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொன்னாள். கோஜோ பையிலிருந்து கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினான்.

கழுத்துக் கம்பியில் குறடு பட்டது. அவர் விரல் தழும்பைத் தொட்டது. "ஏலே அய்மா..." என்றார். அதற்கு மேல் அவரால்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

4

முதலில் எழுதிய முடிவில் அவர் கையிலிருந்த குறட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிலையைக் கட்டிக்கொண்டார். ஐந்து வேளை தொழுகிற மனுஷரை என் வசதிக்கு வளைத்த மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். அடுத்ததில் கோஜோ அதை ஆற்றில் விட்டான். தாமிரபரணியில் கிடக்கிற குப்பை போதும்.

ஆகவே இப்படி: "நான் செய்யுதேன் மாமா" என்று நிலோஃபர் குறட்டைக் கையில் வாங்கினாள். ஒவ்வொரு கம்பியாக வெட்டினாள். முகம் கழன்று மடியில் விழுந்தது. கோஜோ வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டான். பெரியவர் எதையும் பார்க்காதவர்போலத் தோள்துண்டை உதறிப் போட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தார்.

அவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவள் அந்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அதை நான் எங்கே வைத்தாலும் அவளுக்கோ பெரியவருக்கோ துரோகம். நீங்கள் வையுங்கள். அவர் வந்து கேட்டால் பதிலும் நீங்களே சொல்லுங்கள்.