இலவசப் பொருத்தம்

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் உடப்புசல்லாவைக்கு ஒரு மிஸ்கோல் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. போட்டால் பெண்ணுக்குச் சம்மதம். போடாவிட்டால் இல்லை. மாப்பிள்ளையின் தாய் காளியாயி, என் மகள் பிரியந்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போகும்போது எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று சொன்ன ஏற்பாடு இது.

"வாயத் தொறந்து வேணாம்னு சொல்ல ஒங்களுக்கும் சங்கடம், கேக்க எங்களுக்கும் சங்கடம் மீனம்மா. மிஸ்கோல் வரலேன்னா புரிஞ்சுக்குவோம். அன்னிக்குப் பன்னெண்டு மணி பஸ்ஸுலயே இறம்பொடைக்கு இன்னொரு பொண்ணப் பாக்கப் போயிருவோம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. 2009இல் எங்கள் தோட்டத்தில் யார் போனில் பேசினார்கள்? எல்லாம் மணியடித்ததும் வெட்டிவிடுகிற மிஸ்கோல்தான். கொழும்புக்குப் போன பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டால் ஒன்று, லீவில் வருகிறதென்றால் இரண்டு. ஒரு தடவை காசு போட்டால் இரண்டு மூன்று மாதம் அப்படியே கிடக்கும். மீதி எவ்வளவு என்று பார்க்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை. செலவழிக்காத காசு எங்கே போய்விடப் போகிறது?

அவர்கள் வந்துபோன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிரியந்தி பதில் சொல்லவில்லை. அவளுக்கு எங்கள் தோட்டத்துப் புள்ளைக் காம்பராவில் வேலை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் கேட்டேன், சாயங்காலம் கேட்டேன், சோறு போடும்போது கேட்டேன். "பாக்கலாம்மா" என்பாள். பிறகு வேறு ஏதாவது பேசுவாள். மாப்பிள்ளை நிரஞ்சன் சொந்தமாக ஓட்டோ ஓட்டுகிற பையன். குடிக்க மாட்டான். இதற்கு மேல் என்ன பார்ப்பது?

வியாழக்கிழமை பத்தரைக்குத் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்தவள், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"போடுங்கம்மா."

"என்னத்த?"

"மிஸ்கோலத்தான்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன். ஒன்னு கேக்கணும்னு இருந்துச்சு. மிஸ்கோல்ல எப்பிடிக் கேக்குறது? நீங்க போடுங்க."

நான் நம்பரை அழுத்திக் காதில் வைத்தேன். மணி அடிக்கவில்லை. ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள், பிறகு தமிழில். மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அவளேதான். பிரியந்தி போனை வாங்கிக் கேட்டாள்.

"காசு இல்லையாம்மா."

"போன மாசக் கடைசியிலதானே போட்டோம்? ஒரு வார்த்தை பேசலையே."

தோட்டத்தில் போனுக்கு ரீலோட் காசு போடுகிற ஒரே இடம், கீழே ரோட்டோரத்தில் இருக்கிற ஆண்டியப்பன் கடை. புள்ளைக் காம்பராவில் இருந்த மற்றப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் படியில் இறங்கினோம். முதல் நாள் மழையில் படியெல்லாம் வழுக்கியது. கடைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றேகால்.

ஆண்டியப்பன் காசைப் போட்டான். போனில் டிங் என்று சத்தமும் வந்தது. அழுத்தினேன். அதே பெண். இன்னொரு தடவை காசு போடச் சொன்னேன். அதே பெண்.

"தம்பி, யாரு நம்பருக்குப் போட்ட?"

"ஒங்க நம்பருக்குத்தான் அக்கா. காசு வந்துருச்சுன்னு மெசேஜ் இருக்கு பாருங்க. குடுங்க இப்பிடி."

போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "இதென்னக்கா, தெனமும் ராசிபலனா வந்து கெடக்கு?"

"அது சும்மா வருது தம்பி. ப்ரீ."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் சாதகம் வந்தபோது, ஹட்டனில் பொருத்தம் பார்க்கிறவர் கேட்ட காசு எனக்கு மலைப்பாக இருந்தது. பக்கத்தில் போன், இன்டர்நெட் எல்லாம் இருக்கிற ஒரு கொமினிகேஷன் கடை. கொம்பியூட்டர் முன்னால் லக்சனா என்று ஒரு பிள்ளை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து டீச்சரின் மகள். அவள்தான் இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். மேலே பிள்ளையார் படம், கீழே இலவசப் பொருத்தம் என்று பெரிய எழுத்து. பேர், நட்சத்திரம் எல்லாம் கேட்டது. போன் நம்பரையும் கேட்டது. கொடுத்தேன். உடனே என் போனுக்கு நான்கு இலக்கம் வந்தது. அதை வாசித்தேன், அவள் அடித்தாள்.

"காசு ஒண்டும் கட்டத் தேவேல்ல அன்ரி. சும்மாதானாம்" என்றாள்.

பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று வந்தது. பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் என்னவோ இருந்தது. அவளும் வாசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதிலிருந்து தினமும் காலையில் ராசிபலன், ஆங்கில எழுத்தில் தமிழ். பிரியந்தி வாசித்துக் காட்டுவாள். யாரோ ஒரு கம்பெனிக்காரன் விடியற்காலையில் நமக்கு நல்ல வார்த்தை சொல்கிறானே என்று பக்கத்து வீடுகளில் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் சுபச்செய்தி என்றுதான் வந்திருந்தது.

ஆண்டியப்பன் முதலாவதாக வந்த மெசேஜைத் தேடி எடுத்து வாசித்தான்.

"அந்த நாலு நம்பரக் குடுத்தது கையெழுத்து போட்ட மாதிரிக்கா. தெனமும் காசு வெட்டுறான். காசு தீந்ததுக்கப்புறம் வெட்ட முடியாம விட்டதையும் சேத்துத்தான் இப்ப நீங்க போட, போட எடுக்குறான்."

"நான் எங்க கேட்டேன் அவன்கிட்ட? நிப்பாட்டச் சொல்லு."

"நிப்பாட்டணும்னா மெசேஜ் அனுப்பணுமாம்."

"அனுப்பேன்."

"அதுக்கும் காசு வேணுமே."

மணி பதினொன்று நாற்பது. "ஒன் போன்ல ஒரு மிஸ்கோல் போடு தம்பி."

"போடலாம். யாரு நம்பர்னு அவங்களுக்குத் தெரியுமா? எவனோ ராங் நம்பர்னு விட்டுருவாங்க. பேசுங்க."

பேசுவதா? என்ன சொல்லிப் பேசுவது? ராசிபலன் காசைத் தின்றுவிட்டது என்றா? நான்கு நாள் இழுத்தடித்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கதை விடுகிறோம் என்றுதான் காளியாயி நினைப்பாள். ரோட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன், திரும்பவும் போனேன்.

"குடுங்கண்ணே" என்று பிரியந்தி கையை நீட்டினாள்.

ஆண்டியப்பனின் போன் சத்தமான போன். அந்தப் பக்கம் பேசுவது கடை முழுக்கக் கேட்கும்.

"யாரு?" நிரஞ்சனின் குரல்.

"நான் பிரியந்தி. எங்க போன்ல காசு இல்ல, மிஸ்கோல் போக மாட்டேங்குது."

"அப்ப பதில்?"

"பதில் இருக்கு. அதுக்கு முந்தி ஒன்னு கேக்கணும். அங்க வந்தா என்னையக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்புவீங்களா?"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். நகர்ந்து நின்றுகொண்டாள். ஆண்டியப்பன் பிஸ்கட் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி அடுக்க ஆரம்பித்தான்.

"அம்மாவுக்கு அந்த நெனப்புதான். கொழுந்தெடுக்கப் பேர் பதியணும்னு சொன்னாங்க."

"ஒங்களுக்கு?"

"நீங்க புள்ளைக் காம்பராவுல வேல பாக்குறீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் நான் பாக்கவே வந்தேன். இங்கயும் ஒன்னு இருக்கு. ஆள் தேடுறாங்க."

"அத அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப இப்ப சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"தங்கச்சி, ஓடுறது என் காசு" என்றான் ஆண்டியப்பன். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள் போல, போனுக்குள் ஆள் சத்தமும் ஓட்டோ சத்தமுமாக இருந்தது. அதற்கு நடுவில் காளியாயி. "எந்த நம்பர்டா அது? அவளா? பேசவே வேணாம்னுதானே மிஸ்கோல்..." அப்புறம் ஒன்றும் விளங்கவில்லை. அவன் ஏதோ சொன்னான். அவள் அதைவிடச் சத்தமாக ஏதோ சொன்னாள். முடிந்தது, இறம்பொடைக்காரிக்கு அதிர்ஷ்டம் என்று நான் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மீனம்மாகிட்ட குடு" என்று காளியாயியின் குரல் பக்கத்தில் கேட்டது.

"அம்மா இங்கதான் இருக்காங்க. நீங்க என்கிட்டயே சொல்லலாம் மாமி."

"மாமியா?"

"ஆமா மாமி."

"வாய்க்காரியா இருக்க. மலைக்குப் போக மாட்டியாம். வீட்டுல சோறாவது ஆக்குவியா?"

"ஆக்குவேன். சம்பளமும் கொண்டாருவேன்."

"நீ ஏன்டா இத்தன நாளா இத எங்கிட்ட சொல்லல" என்று அவள் மகனைத் திட்டத் தொடங்கினாள். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. யாரோ ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் மூட்டையை விட்டு எழுந்துவிட்டேன்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு," என்றாள் காளியாயி. "நாங்க ஏறல."

பஸ் புறப்படுகிற சத்தம் போன் வழியாகக் கேட்டது. அவள் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.