பக்கத்து சீட்டில் மாமா

எங்கள் வீட்டுக் காரை எடைக்குப் போடுவதா, எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. கார் மாமாவுடையது, அதாவது என் மாமனாருடையது. அவர் மகனிடம்தான் முதலில் கேட்டார். "அவகிட்டயே கேளுங்கப்பா, வீட்ல எது இருக்கணும் எது போகணும்னு அவதானே சொல்றா" என்று சொல்லிவிட்டு என் கணவர் அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார். நல்ல பெயர் வாங்கித் தரும் காரியம் என்றால் முந்திக்கொண்டு நிற்கிற மனிதர். கெட்ட பெயர் வாங்கும் காரியம் என்றால் மட்டும் அதிகாரம் எனக்கு வந்துவிடும்.

மாமாவுக்குக் கண் மங்கி, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னபோது வீடு இரண்டு பட்டது. சாவியைக் கொடு என்று மகன், தரமாட்டேன் என்று அப்பா. கடைசியில் நான் நடுவில் புகுந்து ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தேன். சாவி மாமாவிடமே இருக்கலாம். காலையில் ஷெட்டுக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி ஓடவிடலாம். கேட்டைத் தாண்டக் கூடாது. "ஆமாம்மா, சும்மா நின்னா பேட்டரி செத்துடும்" என்றார் மாமா, அந்த மட்டுமாவது கிடைத்ததே என்ற முகத்தோடு. அப்பாவையும் பிள்ளையையும் சமாதானப்படுத்திய பெருமையில் நானும் கொஞ்ச நாள் மிதப்பாகத் திரிந்தேன்.

ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒப்பந்தம் போட்ட மறுநாளிலிருந்து, நான் கிளம்பும் நேரம் பார்த்து அந்த எஞ்சின் உறுமத் தொடங்கிவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஷெட் முழுக்கப் புகை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போவேன். "நான் கெளம்பற நேரம்தான் கெடைச்சுதா மாமா? நான் போனதுக்கப்புறம் பண்ணக் கூடாதா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "பஸ் வந்துடும், போம்மா" என்பாரே தவிர, நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்னொன்றும் செய்வார். ஸ்டார்ட் பண்ணியதும் இறங்கி, ஒரு கையால் வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். நம் ஒப்பந்தத்துக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று எனக்குச் சிரிப்பு வரும். நான் தெருமுனை திரும்பும்போது எஞ்சின் சத்தம் நின்றுவிடும்.

புகை நாளுக்கு நாள் நீலம் பூத்தது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் காலையில் இருமி, குலுங்கி, நின்றேவிட்டது. மாமா மறுபடி மறுபடி சாவியைத் திருகுவது என் காதில் விழுந்தது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எனக்கு விடுமுறையான ஒரு நாளில் மெக்கானிக் வந்தார். வாயைத் திறந்தால் "பொறுமை, பொறுமை" என்பதால் தெருவே அவரைப் பொறுமை என்றுதான் கூப்பிடும். சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை, ஆகவே பொறுமை எல்லாம் நம் பக்கம்தான். மாமா ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தார். நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மாதிரி சலவைச் சட்டை வேறு.

பொறுமை பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றும் இடத்து மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். அடியில் வெளிறிய நிறத்தில் நுரை அப்பியிருந்தது. அளவு பார்க்கும் கம்பியை உருவினால் ஆயில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"இத யாரு இப்பிடி கெடுத்து வச்சது?"

"யாரும் தொடறதே இல்லையே. தெனமும் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தறதோட சரி" என்றேன்.

"அதேதான்மா கெடுத்திருக்கு. ஓடினாத்தான் எஞ்சின் நல்லா சூடேறும். நின்ன எடத்துலயே அரைகுறையா சூடாக்கி அணைச்சிட்டே இருந்தா ஈரம் உள்ளயே தங்கிடும், பெட்ரோல் ஆயில்ல எறங்கிடும். கெட்டுப்போன ஆயில் எஞ்சினைத் தின்னுடும். பேசாம விட்டிருந்தீங்கன்னா பேட்டரிதான் போயிருக்கும்."

ஒப்பந்தம் நான் போட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துப் போட்டது. எனக்கு மனசு உறுத்தினால் அது கோபமாகத்தான் வெளியே வரும், பிறவிக் குணம். "ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எஞ்சின் எதுக்கு? எடைக்கே போட்டுத் தொலைச்சிடலாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

பொறுமை உள்ளே ஏறிச் சாவியைத் திருகிப் பார்த்தார். பிறகு இந்த சீட்டையும் அந்த சீட்டையும் மாறி மாறி அமுக்கினார்.

"வேடிக்கையா இருக்கே. ஓட்டற சீட்டு குஷன் புதுசா கிண்ணுனு இருக்கு, பக்கத்து சீட்டு பள்ளமாயிடுச்சு. யாரு உக்காருவாங்க இதுல?"

"நான்தான்" என்றார் மாமா.

"நிக்கிற வண்டியில பக்கத்து சீட்ல என்ன சார் வேலை?"

"ஓட்டறவங்களுக்கு எடம் விடணும்ல. மருமககிட்ட லைசென்ஸ் இருக்கு."

லைசென்ஸ் இருக்கிறது, உண்மைதான். கல்யாணமான புதிதில் இதே காரில் ஓட்டப் பழகி வாங்கியது. வாங்கிய வாரமே கேட் தூணில் கொண்டுபோய் மோதினேன். "இவ கையில வண்டியக் குடுத்தா ஊர்ல தூணே மிஞ்சாது" என்று என் கணவர் சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவிலும் சொல்லிச் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை, மறுநாளே காரில் உடைந்த விளக்குக்குப் புது விளக்கு வாங்கி மாட்டிவிட்டு வந்து நின்றார். நான்தான் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்தால் மாமா என்னை நச்சரித்தே அனுப்பிவைப்பார். ஏதோ அடையாள அட்டைக்கு உதவும் என்று நானும் போய்வருவேன். ஒப்பந்தம் போட்ட அன்று சாயங்காலம்கூட வந்து கேட்டார். "நீ எடுத்துட்டு வேலைக்குப் போயேம்மா. பழகற வரைக்கும் நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். கண்ணு தெரியலன்னா என்ன, கியர் மாத்தற எடம் காதுக்குத் தெரியும்." அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "அப்புறம் பார்க்கலாம் மாமா" என்றேன்.

"ஏன் மாமா, மறுபடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று இப்போது கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதான் சொன்னேனேம்மா. அப்புறம் பார்க்கலாம்னு சொன்ன. அப்புறம்னா எந்த நாள்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அதான் நீ கெளம்பற நேரத்துக்கு தெனமும் ரெடியா வச்சேன்." குறை சொல்லும் குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பொறுமை துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கினார். "எஞ்சினைப் பிரிச்சு பண்ணிடலாம்மா, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆனா பண்ணி மறுபடியும் நிறுத்தி வச்சா மறுபடியும் இதே கதிதான். தெனமும் ரோட்ல ஓடணும். யாரு ஓட்டப் போறீங்க, அத மட்டும் சொல்லுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவுக்கு என் முகம் தெரிந்திருக்காது, நான் நிற்கும் திசையைப் பார்த்தார். நான் ஓட்டுகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அந்தத் தூணும், சொந்தபந்தத்தின் சிரிப்பும், காலை நேரத்து ரோட்டில் முட்டிக்கொண்டு போகும் லாரிகளும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன.

"யோசிச்சு... அப்புறம் சொல்றேனே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மாமா வாய்விட்டுச் சிரித்தார். மனசாரச் சிரித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்த இன்னொரு சாவியையும் எடுத்துப் பொறுமையின் கையில் வைத்தார்.

"எடைக்கே எடுத்துட்டுப் போப்பா. வீட்ல யாரும் பயத்தோட வண்டி ஓட்ட வேணாம்."

"மாமா, இருங்க" என்றேன். வண்டி இருக்கட்டும் என்றால் நான்தான் ஓட்ட வேண்டும்.

அன்று மாலையே ஒரு வண்டி வந்து காரைக் கட்டி இழுத்துப் போனது. கேட் தூணைத் தாண்டும்போது மாமா பின்னாலேயே நடந்து போய், "இந்தப் பக்கம் தூண் இருக்கு, பார்த்துப்பா" என்று அவர்களுக்கு வழி சொன்னார். வேலை முடிந்து வந்த என் கணவர் வெறும் ஷெட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல முடிவுதான் எடுத்திருக்க" என்று என்னைப் பாராட்டினார். முடிவே எடுக்காதவளுக்கு வந்த பாராட்டு. அவரைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது. ஆனால் கோபம் அவர்மேல் இல்லை என்பதும் தெரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மாமா அந்த மடக்கு நாற்காலியை ஷெட்டுக்குள் ஓர் ஓரமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட் எந்த இடத்தில் இருக்குமோ, ஏறக்குறைய அந்த இடம். தரையில் ஆயில் கறைமேல் யாரோ மணலைத் தூவியிருந்தார்கள். நான் வேகமாகத் தாண்டிப் போனேன்.

கேட்டுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன். என் கை தானாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. சட்டென்று கையை இறக்கி, மாமா பார்த்துவிட்டாரோ என்று திரும்பினேன். அவருக்கு எங்கே தெரியப்போகிறது. என் செருப்புச் சத்தம் நின்றது மட்டும் கேட்டிருக்கும்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டியா?" என்றார்.

"இல்ல மாமா."

"அப்ப போம்மா. பஸ் வந்துடும்."