இரண்டாவது கையெழுத்து

வெள்ளிக்கிழமை என் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான், தாடி என் நிரலைப் படிப்பதே இல்லை என்ற சந்தேகம் எனக்கு வந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, குறை இருந்தால் பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும். இல்லையென்றால் பச்சைக் குறி போட வேண்டும். என்னுடையதைப் படிக்க வேண்டியவன் தாடி; அவன் தாடியைப் பார்த்து நான் மனதுக்குள் வைத்த பெயர். வயதில் என்னைவிடப் பதினான்கு குறைவு, பதவியில் மேல். அதனால் நேரில் ‘நீங்க’, மனதுக்குள் ‘அவன்’. மற்றவர்களின் நிரலை அவன் வாட்டி எடுப்பான். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு அன்று பதினெட்டுக் குறிப்புகள், அவள் மூக்கு சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ நூற்றிருபது வரிக்கு மூன்றே நிமிடத்தில் பச்சைக் குறி.

குறையே இல்லாமல் எழுதியிருப்பாய் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவள். காலை நேரத்தில் பெரிய டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக நின்று கேள்வி கேட்டு, திட்டி, சீட்டை மாற்றி எழுதிக்கொண்டு வருவார். ஏதாவது ஒரு கட்டிலை ஒன்றும் சொல்லாமல் தாண்டினால், அந்த ஆளுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று எங்களுக்குப் புரிந்துவிடும். தாடி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் துணைக்கு நாலு சந்தேகம் வரும். மேலாளர் அம்மாவின் அறைப் பக்கம் நான் போனால் அவர் மடிக்கணினியைப் பாதி மூடினார். எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். ‘கடந்த ஆறு மாதத்தில் உங்களிடம் நீங்கள் காணும் வளர்ச்சியை எழுதவும்’ என்று இருந்தது. நாமே எழுதிக் கொடுத்தால் நம்மை அனுப்புவது சுலபம் அல்லவா? நான் இரண்டு நாளாக அதை நிரப்பவில்லை.

என்ன வளர்ச்சியை எழுதுவது? நாற்பது வயதில் வார்டை விட்டு வந்தேன். முதுகு போய்விட்டது, அது ஒரு காரணம். பெட் எண்களையும் மருந்து நேரங்களையும் காட்ட வைத்திருந்த பழைய மென்பொருளோடு தினமும் சண்டை போட்டு, இதை நானே இதைவிட நன்றாக எழுதுவேன் என்று கோபம் வந்தது இன்னொரு காரணம். படித்தேன். என் நாத்தனார், “ஊசி போட்ட கைக்கு இனிமே தட்டச்சா அண்ணி? பார்த்து, கம்ப்யூட்டருக்கு நரம்பு கிடைக்காது” என்று குடும்பம் கூடிய இடத்தில் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்த வேலை எனக்கு வேண்டும். வேறு காரணம் சொன்னால் பொய்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் தாடியைப் பற்றிச் சொன்னேன். அவர் எலக்ட்ரீஷியன்.

“நான் டெஸ்டர் வைக்காம ஒரு ஒயரையும் தொடமாட்டேன். ஆனா மனுசங்கமேல டெஸ்டர் வைக்கக் கூடாதும்மா” என்றார்.

“ஏன் வைக்கக் கூடாது?”

“லைட் எரிஞ்சாலும் நீ நம்பமாட்ட. டெஸ்டரே கோளாறுன்னுவ.”

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்பதைத்தான் அவர் நாகரிகமாகச் சொன்னார். எனக்கு அப்போது காதில் ஏறவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஓணானை மடியில் விட்டுக்கொண்டேன்.

நாங்கள் பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறோம். மறுநாள் யாருக்கெல்லாம் முன்பதிவு இருக்கிறதோ, அவர்கள் கைபேசிக்கு முந்தைய நாள் நண்பகலில் நினைவூட்டும் செய்தி போகும். அந்தப் பகுதி என்னுடையது. முன்பதிவை ரத்து செய்தவர்களை விலக்கும் ஒரு வரி அதில் இருந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, வேறு பத்துச் சின்னத் திருத்தங்களோடு கலந்து தாடிக்கு அனுப்பினேன். கண் இருக்கிற யாரும் பார்த்தால் தெரியும். பிடித்தால் அவன் படிக்கிறான், விட்டால் என்னைக் கைகழுவிவிட்டார்கள்.

வார்டில் ஆபத்தான மருந்து கொடுக்கும்போது இரண்டு நர்ஸ் கணக்குப் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் புதுசாக வந்தவர்களுக்கு வேண்டுமென்றே தப்பான அளவைச் சொல்லிப் பார்ப்பதுண்டு. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தால் திட்டிவிட்டு, சரியான அளவை எடுப்பேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது கையெழுத்துக்குப் பிறகும் ஊசி என் கையில்தானே இருக்கிறது?

பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் பச்சைக் குறி விழுந்தது. ஆக, என்னைக் கைகழுவிவிட்டார்கள். ஆனாலும், நினைத்தது சரிதான் என்பதில் ஒரு திருப்தி இருந்ததையும் மறைக்கமாட்டேன். நிரலை வெளியே, மருத்துவமனைகளுக்கு அனுப்பும் பொத்தானை நான் அழுத்தினால்தானே எதுவும் போகும் என்று தேநீர் குடிக்கப் போனேன்.

பன்னிரண்டு தாண்டித் திரும்பி வரும்போது அலுவலகமே எழுந்து நின்றுகொண்டிருந்தது. ரத்து செய்த நாற்பத்தொரு பேருக்கு, நாளைக்குத் தவறாமல் வரும்படி செய்தி போயிருந்தது.

பச்சைக் குறி விழுந்தாலே நிரல் தானாக வெளியே போகும்படி அன்று காலையிலிருந்து மாற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் அறிவிப்பு வந்தது. எனக்கும் வந்தது. உப்பு டப்பாவைக்கூட லேபிள் படித்துவிட்டுத் திறப்பவள் அதைப் படிக்கவில்லை. அறிவிப்பு வந்த நேரத்தில் தாடியும் மேலாளர் அம்மாவும் எதற்கோ சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய வரியைத் திரும்பப் போட்டுச் சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கும் பெண் கூப்பிட்டுவிட்டாள். மேலாளர் அம்மா தன் அறையில் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டார். தாடியும் நானும் எதிரே நின்றோம்.

“ஒருத்தர் போன் பண்ணினாருங்க. அவங்கம்மா பேர்ல பதிவு இருந்துச்சு. அந்தம்மா போன வாரம் தவறிட்டாங்களாம், அதனாலதான் அவர் ரத்து பண்ணியிருக்காரு. இப்ப அம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னு மெசேஜ் போயிருக்கு. அவர் திட்டக்கூட இல்லைங்க, கேட்டுட்டு வச்சுட்டாரு.”

மேலாளர் அம்மா ஒலிபெருக்கியை அணைத்தார். பிறகு தாடி சொன்னான்: “சிஸ்டர்மேல தப்பு இல்ல மேடம். ஒரு வரி விட்டுப்போறது யாருக்கும் நடக்கும். அதைப் பிடிக்கத்தான் நான் இருக்கேன். நான் படிக்காம பச்சை போட்டேன். முதல் ரெண்டு மாசம் அவங்க எழுதினதை வரிவரியாப் படிச்சேன், ஒண்ணும் கிடைக்கல. அப்புறம் படிக்கிறதை விட்டுட்டேன். இது என் பேர்லயே இருக்கட்டும்.”

மேலாளர் அம்மா தலையசைத்தார். மேசைமேல் ஒரு உறை இருந்தது, அதன்மேல் என் பெயர். “வெள்ளிக்கிழமைக்குன்னு போன வாரமே ரெடி பண்ணினது” என்றார் என்னைப் பார்த்து. “இதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாத்தனாருக்குப் பதில் அந்த உறைக்குள் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டு வைத்துவிட்டாரே, அந்த மனிதர், அவரும் அதே அறைக்குள் நிற்பதுபோல் எனக்கு இருந்தது.

“அது விட்டுப்போகல மேடம். நான்தான் எடுத்தேன்” என்றேன்.

“எதுக்கு?”

“இவர் படிக்கிறாரான்னு பார்க்க.”

“தெரிஞ்சே எடுத்தீங்களா?”

“தெரிஞ்சேதான். வெளிய போயிடும்னு தெரியாது.”

அவர் உறையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். “இதைக் கிழிக்கல. இப்ப குடுக்கவும் முடியாது. மூணு மாசம் போகட்டும், பார்க்கலாம்.” நாற்பத்தொரு எண்களும் இருந்த பட்டியலைக் கேட்டு வாங்கினேன். நானே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். சரி என்றார்.

வெளியே நடைவழியில் தாடி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சிஸ்டர்” என்றான்.

“கேட்டிருந்தா படிக்கிறேன்னுதான் சொல்லியிருப்பீங்க.”

“இருக்கலாம்.” ஒரு வாய் குடித்தான். “சரி, ஒண்ணு சொல்லுங்க. இன்னைக்கு நான் படிச்சு, அந்த வரியைப் பிடிச்சிருந்தா என்ன நினைச்சிருப்பீங்க?”

நல்லதாக ஒரு பதில் சொல்லத்தான் முதலில் யோசித்தேன். அந்தப் படிவத்தில் எழுதுகிற மாதிரியான பதில். பிறகு, இவனிடம் இனிமேல் அப்படிப் பேச முடியாது என்று தோன்றியது.

“வெள்ளிக்கிழமை வருதுன்னு என்மேல குத்தம் கண்டுபிடிக்கத்தான் படிக்கிறீங்கன்னு நினைச்சிருப்பேன்” என்றேன்.

அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். நான் பட்டியலைப் பிரித்து, அம்மாவை இழந்தவரின் எண்ணை முதலில் அழுத்தினேன்.